பதினாறு மில்லி

“மூணு புள்ள பெத்தேன். ஒண்ணுத்துக்காவது மில்லி கணக்குல பால் குடுத்திருப்பேனா?” என்று கேட்டுக்கொண்டே ஆயா பால் புகட்டும் பாலாடையை வெந்நீரிலிருந்து எடுத்து உதறினார். சென்னை பட்டினப்பாக்கத்தில் கடலுக்கு முதுகு காட்டி நிற்கும் வாரியக் குடியிருப்பு ஒன்றின் முதல் மாடி அது. மே மாத வெயிலிலும் ஃபேன் அணைந்திருந்தது, ஜன்னல் பாதி சாத்தியிருந்தது. கட்டில் ஓரத்தில் சாய்ந்திருந்த மருமகளின் நைட்டிக்குள், மார்போடு மார்பாக, குல்லா போட்ட ஒரு தலை மட்டும் தெரிந்தது. ஒரு சின்னத் தேங்காய் மூடி அளவுதான் இருக்கும்.

பிறந்து 36 நாளான பெண் குழந்தை. 31 வாரத்தில் பிறந்தபோது 1,240 கிராம். முதல் வாரத்தில் இன்னும் இறங்கி, பிறகு மெல்ல ஏறி, இப்போது 1,710. இந்த எண்களையெல்லாம் மருமகள் துண்டுச் சீட்டு பார்க்காமல் ஒப்பித்தார். “அப்போ ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பதினாறு மில்லி. இப்போ இருபத்தி மூணு.” சிறிய எவர்சில்வர் டம்ளரில் பீய்ச்சி வைத்திருந்த பாலை ஊசி இல்லாத சிரிஞ்சில் உறிஞ்சி, அளவு பார்த்து, பாலாடையில் விட்டார். ஆயாவுக்கு இந்தச் சிரிஞ்சு வேலையே பிடிக்கவில்லை. “ஏழு மாசத்துல பொறந்தது தங்கும். எட்டுல பொறந்ததுதான் தங்காது. இது ஏழு. பின்ன என்னாத்துக்கு இவ்ளோ கணக்கு?”

ஏழா எட்டா என்ற இந்த நம்பிக்கையைக் கேட்காமல் வளர்ந்த தமிழர் குறைவு. அது தவறு. கருப்பையில் கூடுதலாகக் கழியும் ஒவ்வொரு வாரமும் பிழைக்கும் வாய்ப்பைக் கூட்டவே செய்கிறது. ஆனால் ஆயாவின் இரண்டாவது கேள்வி லேசில் தள்ளிவிடக்கூடியதல்ல. எதற்கு இவ்வளவு கணக்கு?

2020ஆம் ஆண்டில் உலகில் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் 37 வாரம் நிறைவதற்கு முன்பே பிறந்தன. அதில் 30 லட்சத்துக்கு மேல் இந்தியாவில். எந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை. ஒரு தலைமுறைக்கு முன்பு இந்தக் குழந்தைகளைப் பற்றிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: பிழைக்குமா? தமிழ்நாட்டில் சிசு மரண விகிதம் 2020 கணக்கெடுப்பில் ஆயிரத்துக்கு 13 என்ற அளவுக்கு இறங்கியிருந்தது. ‘பெட்டியில் வைத்த’ பிள்ளைகள் வீடு திரும்புகின்றன, பள்ளிக்கூடம் போகின்றன, கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து நீட்டுகின்றன. அதனால் கேள்வி நகர்ந்துவிட்டது. முப்பது வயதில் இவர்களுடைய ரத்த அழுத்தம் என்ன, சர்க்கரை என்ன? அந்தப் பதிலில் ஒரு பங்கு, முதல் சில வாரங்களில் இந்த உடம்புக்குள் பால் எப்படிப் போனது என்பதில் இருக்கிறது. எந்தப் பால், எந்த வழி, எந்த வேகம், ஏன், எந்தப் பாத்திரம் என்பதுகூட.

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதம் குழந்தைக்குச் சேமிப்புக் காலம். கொழுப்பு, கல்லீரலில் சர்க்கரையின் சேமிப்பு வடிவமான கிளைகோஜன், எலும்புக்கான கால்சியம், பாஸ்பரஸ் எல்லாம் அப்போதுதான் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். நிறைமாதக் குழந்தைக்குத் தேவையான கால்சியத்தில் ஏறக்குறைய எண்பது சதவீதம் இந்தக் கடைசி மூன்று மாதச் சரக்கு. ஏழாம் மாதத்தில் வந்துவிட்ட குழந்தை கையில் காசில்லாமல் ஊரைவிட்டுக் கிளம்பிய மாதிரி. அன்றன்றைக்குச் சம்பாதித்தால்தான் அன்றன்றைக்குச் சாப்பாடு.

செலவோ பெரிய செலவு. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு, ஒரு கிலோ எடைக்கு முப்பது கலோரி சொச்சம் போதும். இந்தக் குழந்தைக்கு 120 வேண்டும். குழந்தை மருத்துவப் பாடநூல்களில் வெகுநாளாக இருந்து வரும் ஒரு வரவுசெலவுக் கணக்கு உண்டு. 120இல் சும்மா உயிரோடிருப்பதற்கே 50 போய்விடும். கைகால் அசைப்பதற்கு 15, குளிரைத் தாங்க 10, சாப்பிட்டதைச் செரிக்க 8, செரிக்காமல் மலத்தில் போவது 12. இதெல்லாம் போக மிச்சம் 25. வளர்ச்சி என்று நாம் பார்ப்பதெல்லாம் இந்த 25தான். ஃபேனை அணைத்து, குல்லா போட்டு, தாயின் மார்போடு கட்டி வைத்திருப்பது பாசத்துக்காக மட்டுமல்ல. குளிருக்குப் போகும் பத்து கலோரி மிச்சமானால் அது வளர்ச்சிக் கணக்கில் வரவாகும். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1970களின் இறுதியில் இன்குபேட்டர் போதாமல் கண்டுபிடித்த உபாயம் இந்த கங்காரு முறை. பிறந்த உடனேயே இதைத் தொடங்கினால் மரணம் கால் பங்கு குறைகிறது என்று இந்தியாவும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளும் சேர்ந்து செய்த உலக சுகாதார நிறுவன ஆய்வு 2021இல் சொன்னது.

இந்தக் குழந்தைக்குப் பிறந்த முதல் வாரங்களில் வாய் இருந்தும் வாய்வழி கிடையாது. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றையும் இடறாமல் மாற்றி மாற்றிச் செய்ய மூளைக்குப் பக்குவம் வருவது சுமார் 34 வாரத்தில். அதற்கு முன் வாயில் பால் கொடுத்தால் நுரையீரலுக்குப் போய்விடும் அபாயம் உண்டு. எனவே டியூப். வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ வயிற்றுக்குள் இறங்கும், நூல்கயிறு போன்ற ஒரு குழாய். அதன் மேல் முனையில் பிஸ்டனைக் கழற்றிய சிரிஞ்சைச் செருகி, பாலை ஊற்றி, குழந்தையைவிட ஒரு ஜாண் உயரத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். பால் தன் பாரத்தில் தானே இறங்கும். அழுத்தித் தள்ளக் கூடாது. “நர்ஸம்மா என் கையிலயே குடுத்து புடிக்கச் சொன்னாங்க. கை நடுங்கிச்சு. கொஞ்சம் தூக்குனா சர்ருனு எறங்குது, தாழ்த்துனா நிக்குது.” தாய் தன் கை உயரத்தால் பிள்ளையின் வயிற்றுக்குள் பால் இறங்கும் வேகத்தைத் தீர்மானிக்கிறாள்.

பால் போகும் வழியும் வேகமும் சில்லறை விஷயமில்லை. 1970களின் பிற்பகுதியிலும் 80களிலும் ஆலன் லூகாஸ், ஸ்டீபன் புளூம், ஆல்பர்ட் அய்ன்ஸ்லி-கிரீன் என்ற மூன்று பிரிட்டிஷ் மருத்துவர்கள் குறைமாதக் குழந்தைகளின் ரத்தத்தில் குடல் ஹார்மோன்களை அளந்து பார்த்தார்கள். நரம்பு வழியாக மட்டும் ஊட்டம் ஏற்றிய குழந்தைகளுக்கு வேண்டிய கலோரி போயிருக்கும், ஆனால் குடல் ஹார்மோன்கள் ஏறவேயில்லை. குடலுக்கு யாரும் வேலை சொல்லவில்லை, அது தூங்கிவிட்டது. பால் வயிற்றில் பட்டால்தான் குடல் விழித்துக்கொள்கிறது. கணையத்துக்குச் சேதி போகிறது, இன்சுலின் அசைகிறது, குடல் சுவர் வளர்கிறது. அதற்குத் தேவையான பாலின் அளவைக் கேட்டால் சிரிப்பு வரும். ஊட்டத்துக்குக் கணக்கிலேயே வராத சில சொட்டுகள் போதும். இன்று பல பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் முதல் நாளிலேயே ஒரு மில்லி, இரண்டு மில்லி என்று சீம்பால் சொட்டு விடுவது இதனால்தான். “ஒரு மில்லி குடுத்தா வயிறு நெறையுமா?” என்று வாசலில் நின்று கேட்கும் தாத்தாக்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்: அது வயிற்றை நிரப்ப இல்லை, எழுப்ப.

இன்னொன்றும் கவனித்தார்கள். மோட்டார் பம்பு வைத்துப் பாலைச் சொட்டுச் சொட்டாக நாள் முழுக்க இடைவிடாமல் செலுத்திய குழந்தைகளிடம் ஹார்மோன்கள் ஒரே மட்டத்தில் கிடந்தன. இடைவெளி விட்டுக் கொடுத்த குழந்தைகளிடம் அலை மாதிரி ஏறி இறங்கின. பசி, நிறைவு, மறுபடி பசி என்ற தாளத்தை உடம்பு அந்த அலையில்தான் பழகுகிறதோ என்று தோன்றும். எது மேல் என்று கேட்டால், எடையிலும் உயிர் பிழைப்பதிலும் ஒன்று மற்றொன்றை அடித்துவிடவில்லை. இடைவெளி விட்டுக் கொடுக்கும்போது செரிப்பதற்கான சக்திச் செலவு சற்றுக் கூடுகிறது. இடைவிடாமல் ஓடும்போது தாய்ப்பாலின் கொழுப்பு குழாய்ச் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு வீணாகிறது. அது இந்தக் குழந்தைகளுக்குக் கட்டிவராத நஷ்டம். நம்மூரில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிரிஞ்சைத் தூக்கிப் பிடிப்பதே வழக்கம். பம்பு பற்றாக்குறையும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் கெட்ட வழக்கமில்லை.

34 வாரத்தை ஒட்டி டியூப் கழன்றதும் குழந்தை நேரடியாக மார்புக்குப் போய்விடாது. நடுவில் ஒரு பாலம் வேண்டும். மேற்கு நாடுகளில் அந்தப் பாலம் ரப்பர் காம்பு வைத்த பாட்டில். நமக்குப் பாலாடை.

உலக சுகாதார நிறுவனம் எடை குறைந்த குழந்தைகளுக்குப் பாலூட்டுவது பற்றி 2011இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. மார்பில் குடிக்க முடியாத குழந்தைக்குக் கோப்பையாலோ கரண்டியாலோ பாலாடையாலோ கொடுங்கள் என்கிறது அது. ஆங்கிலத்தில் அதற்குச் சொல் இல்லாததால் ‘பாலாடை’ என்றே எழுதி, அலகு வைத்த கோப்பை என்று விளக்கமும் சொல்லியிருக்கிறார்கள். ஜெனிவா ஆவணம் ஒன்றில் நம் வீட்டு அடுக்களைச் சாமான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே ஒரு பூரிப்பு.

பூரிப்பை அளவோடு வைத்துக்கொள்வது நல்லது. பாலாடை, கோப்பை, பாட்டில் மூன்றையும் ஒப்பிட்டு இந்திய மருத்துவர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வில், பாலாடையில்தான் குழந்தைகள் குறைந்த நேரத்தில் அதிகப் பால் குடித்தன, அமைதியாகவும் இருந்தன. 2007இல் வெளியான சிறிய இங்கிலாந்து ஆய்வில் முடிவு நேர்மாறு. பாட்டிலோடு ஒப்பிட்டால் பாலாடையில் பால் அதிகம் சிந்தியது, நேரம் அதிகம் பிடித்தது, குழந்தைகள் சங்கடப்பட்டன. பொருள் ஒன்றுதான், கைதான் வேறு என்பது என் எண்ணம். பாலாடையை ஒரு கருவி என்று நினைத்துப் பிடிப்பவருக்கும், அம்மா பிடித்ததைப் பார்த்து வளர்ந்தவருக்கும் வித்தியாசம் இருக்கும்தானே.

ஆயா செய்வதைப் பார்த்தேன். குழந்தையைத் தொட்டில் கோலத்தில் படுக்க வைக்கவில்லை, கிட்டத்தட்ட உட்கார வைத்தார். இடது கை கழுத்துக்கு அணை. பாலாடையின் மூக்கைக் கீழுதட்டின் ஓரத்தில் வைத்து, சாய்த்து, பால் உதட்டைத் தொட்டவுடன் நிறுத்திவிட்டார். ஊற்றவில்லை. குழந்தை நாக்கை நீட்டிப் பூனைக்குட்டி மாதிரி நக்கியது. ஒரு முழுங்கு. மூச்சு. இன்னொரு முழுங்கு. நடுவில் தூங்கிவிட்டது. ஆயா காத்திருந்தார், உள்ளங்காலைச் சுண்டினார், மறுபடி சாய்த்தார். 23 மில்லிக்கு இருபது நிமிடம் ஆனது. சிரிஞ்சைத் திட்டியவர்தான். அவர் கைக்குள் ஒரு சிரிஞ்சு இருந்தது.

இங்கே எச்சரிக்கையும் உண்டு. மூக்கைப் பிடித்து, வாயைத் திறந்து, சங்கை நாக்குக்கு மேல் கவிழ்த்து ‘மடக் மடக்’ என்று புகட்டுவதும் நம் பரம்பரைதான். நிறைமாதக் குழந்தைக்கே புரையேறும் அந்த முறை, குறைமாதக் குழந்தையை நேராக நிமோனியாவில் கொண்டுபோய் விடும்.

பாத்திரம் என்று வந்துவிட்டதால் ஒரு பழைய கதையைச் சொல்லாமல் போக முடியாது. மயிலாப்பூர், ராயப்பேட்டைப் பக்கம் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ‘ஜம்மி’ என்றால் தெரியும். கைக்குழந்தைகளின் கல்லீரல் வீக்கத்துக்கு ஜம்மி லிவர் க்யூர் வாங்க ராயப்பேட்டை ஹைரோடுக்கு வந்த குடும்பங்கள் எத்தனையோ. வயிறு உப்பி, மஞ்சள் பாய்ந்து, நாலு வயதுக்குள் பிள்ளையைக் கொண்டுபோன அந்த நோயைக் குலைக்கட்டி என்றார்கள். சென்னையில் குழந்தை மருத்துவத்துக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான டாக்டர் எஸ்.டி. ஆச்சார் இதைப் பற்றி ஆராய்ந்து 1960இல் கட்டுரை எழுதினார். பிடி கிடைத்தது புனேயில். பித்தளைப் பாத்திரத்தில் காய்ச்சிய பசும்பாலைக் குழந்தைகளுக்குச் சீக்கிரமே கொடுக்கத் தொடங்குவது காரணமாக இருக்கலாம் என்று 1983இல் அங்குள்ள மருத்துவர்கள் எழுதினார்கள். பித்தளையிலிருந்து கசியும் தாமிரத்தைப் பசும்பாலின் புரதம் பிடித்துக்கொள்ளும். சின்னக் கல்லீரலுக்கு அதைப் பித்தநீரில் கழித்துத் தள்ளத் திராணி கிடையாது, சேர்த்து வைத்துக்கொள்ளும். ‘ஈயம் பூசறதே!’ என்று தெருவில் கூவிப் போனவர் எத்தனை கல்லீரல்களைக் காப்பாற்றினார் என்பதற்குக் கணக்கில்லை. எவர்சில்வர் வந்தது, பித்தளை பரணுக்குப் போனது, அந்த நோயும் ஏறக்குறைய மறைந்தே போனது. ஊட்டும் முறை ஒன்று குழந்தையின் வளர்சிதை மாற்றத்தை எப்படிக் கவிழ்க்கும் என்பதற்கு இந்த ஊரே ஒருமுறை சாட்சியாக நின்றிருக்கிறது. ஆயாவின் பாலாடை எவர்சில்வர். வெள்ளியில் ஒன்று பீரோவில் இருக்கிறதாம், பேர் வைக்கிற அன்றைக்கு எடுப்பாராம்.

இனி பால். இதில்தான் வீட்டுக்கு வீடு சண்டை.

குழந்தை பிறந்ததும் யாராவது பெரியவர் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ நாக்கில் தொட்டு ‘சேனை’ வைப்பது தமிழ்நாட்டில் இன்னும் போகாத பழக்கம். கழுதையை ஓட்டிக்கொண்டு தெருவில் வந்து ஒரு சங்கு பால் கறந்து தருபவர்களையும் சென்னையில் இன்றும் பார்க்கலாம். குரல் கணீரென்று வரும், மஞ்சள் காமாலை அண்டாது என்பார்கள். கழுதைப்பாலில் கொழுப்பு தாய்ப்பாலில் இருப்பதில் பாதிகூட இருக்காது. வயிறு நிரம்பும், 120 கலோரி கணக்கில் பெரிய துண்டு விழும். காய்ச்சாத பால் என்பதால் கிருமி இலவசம். நிறைமாதப் பிள்ளைகள் இதையெல்லாம் தாண்டி வந்துவிட்டன என்பது உண்மை. அதை வைத்து 1,200 கிராம் குழந்தைக்குப் பரிந்துரைப்பதுதான் ஆபத்து.

கழுதைப்பால் போகட்டும், பவுடர் பால்? இந்தக் கேள்விக்கு உலகத்தில் கிடைக்கும் மிக நீண்ட பதில் அதே ஆலன் லூகாஸ் 1982இல் தொடங்கிய ஆய்வு. இங்கிலாந்தில் 1,850 கிராமுக்குக் கீழே பிறந்த 926 குழந்தைகள். சிலருக்கு வங்கியில் சேர்த்த தாய்ப்பால், சிலருக்குச் சாதாரணப் பவுடர் பால், சிலருக்குக் குறைமாதக் குழந்தைகளுக்கென்றே சத்தைக் கூட்டிச் செய்த பவுடர் பால். எது யாருக்கு என்பது குலுக்கல் முறையில். சுமார் ஒரு மாதம்தான் இந்த வித்தியாசம். பிறகு அவரவர் வீடு, அவரவர் சாப்பாடு.

முதல் அதிர்ச்சி 1990இல் வெளிவந்தது. குடல் திசு அழுகிப்போகும் கொடிய நோய் ஒன்று குறைமாதக் குழந்தைகளைத் தாக்கும். தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிடப் பவுடர் பால் மட்டும் குடித்தவர்களுக்கு அது 6 முதல் 10 மடங்கு அதிகம் வந்திருந்தது. இதைப் பலரும் அறிவார்கள். மெல்ல வந்த இரண்டாவது அதிர்ச்சி அவ்வளவாகப் பேசப்படவில்லை. அந்தக் குழந்தைகளில் ஒரு பகுதியினரை 13 முதல் 16 வயதில் தேடிப் பிடித்து மறுபடி பரிசோதித்தார்கள். வங்கித் தாய்ப்பால் குடித்தவர்களின் சராசரி ரத்த அழுத்தம் நாலு புள்ளி குறைவு. கெட்ட கொழுப்புக்கும் நல்ல கொழுப்புக்கும் உள்ள விகிதமும் குறைவு. சத்தேற்றிய பால் குடித்து முதல் வாரங்களில் சரசரவென்று எடை ஏறியவர்களிடம், இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதைக் காட்டும் ரத்தக் குறியீடு கூடுதலாக இருந்தது. ஒரே ஒரு மாதப் பால். பதினைந்து வருஷம் கழித்தும் உடம்பு அதை மறக்கவில்லை.

‘அப்படியானால் மெதுவாக வளரட்டும்’ என்று கிளம்பிவிடக் கூடாது. அதே ஆய்வு இன்னொரு பக்கமும் பேசியது. ஏழெட்டு வயதில் பார்த்தபோது, சத்துக் குறைந்த சாதாரணப் பவுடர் பால் குடித்த குழந்தைகள், முக்கியமாகப் பையன்கள், அறிவுத்திறன் தேர்வில் பின்தங்கியிருந்தார்கள். மூளை வேகமாக வளரும் அந்த வாரங்களில் பட்டினி போட்டால் மூளைக்கு நஷ்டம். அள்ளிக் கொட்டினால் இதயத்துக்கும் கணையத்துக்கும் பின்னால் பில் வரும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

இந்த இடியிலிருந்து தப்பிக்கும் வழியும் அந்தத் தகவல்களிலேயே இருக்கிறது. தாயின் சொந்தப் பால் கிடைத்த குழந்தைகள் எடை மெதுவாக ஏறியும் அறிவுத் தேர்வில் முன்னே நின்றார்கள். 1992இல் வெளியான அந்த முடிவில் வித்தியாசம் எட்டுப் புள்ளி. இது குலுக்கல் முறையில் கிடைத்த முடிவல்ல. பால் கொடுத்த தாய்மார்களின் படிப்பும் வசதியும் கலந்திருக்கலாம் என்ற வாதம் அன்றிலிருந்து ஓய்ந்தபாடில்லை. அது நியாயமான வாதம்தான். ஆனால் குடல், இதயம், மூளை மூன்றும் ஒரே பக்கம் கை காட்டும்போது நான் அந்தப் பக்கம்தான் நிற்பேன்.

நமக்கு இதில் தனி அக்கறை உண்டு. 2023இல் வெளிவந்த தேசிய ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயதுவந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். டெல்லியில் 1969 முதல் பிறந்த குழந்தைகளை எடை பார்த்துக்கொண்டே வந்து, முப்பது வயதை ஒட்டிய 1,492 பேரின் ரத்தத்தைச் சோதித்து 2004இல் ஒரு முடிவு சொன்னார்கள். சர்க்கரை வந்தவர்கள் கைக்குழந்தையில் குண்டாக இருந்தவர்கள் அல்ல, ஒல்லியாக இருந்து பிறகு இரண்டு வயதுக்கு மேல் மளமளவென்று சதை போட்டவர்கள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு இது நேரடியாகப் பொருந்தும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ‘சின்னதாப் பொறந்தது, இப்பயாவது உருண்டு தெரண்டு இருக்கட்டும்’ என்று நாலு வயதில் தினம் ஒரு பாக்கெட் க்ரீம் பிஸ்கட் வாங்கிக் கொடுக்கும் மாமாக்களை இனி நான் வேறு கண்ணோடுதான் பார்ப்பேன்.

சரி, தாயின் பால் என்று சொல்வது சுலபம். பிள்ளை ஆஸ்பத்திரியில், தாய் வீட்டில் என்றால்? பட்டினப்பாக்கத்துப் பெண்களுக்குக் கடற்கரைச் சாலையோடு போனால் சேப்பாக்கத்தில் கோஷா ஆஸ்பத்திரி. 1885இல் முக்காடிட்ட பெண்களுக்காக மேரி ஷார்லீப் தொடங்கியது, இன்று கஸ்தூரிபா காந்தி பெயரில் இருக்கிறது. பெரிய தூரமில்லை. சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் இல்லை. ஆனால் தையல் காயாத வயிற்றோடு ஒரு நாளைக்கு எட்டு முறை பீய்ச்சினால்தான் பால் வற்றாது. குறைமாதத்தில் பெற்றவளுக்கு முதல் நாட்களில் சுரப்பதே சில சொட்டு. அந்தச் சொட்டில் புரதம் நிறைமாதத் தாயின் பாலைவிட அதிகம் என்பது இயற்கையின் ஏற்பாடு. ‘பாலே வரல, பவுடர் வாங்கிக் குடு’ என்று அடுத்த வீடு சொல்வது சமூகத்தின் ஏற்பாடு.

வராதவர்களுக்கு வங்கி. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் தொடங்கினார். சென்னையில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்கு 2014இல் வந்தது, அடுத்த ஆண்டு பிற மாவட்ட அரசு மருத்துவமனைகளுக்கும் பரவியது. கொடையாக வரும் பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கிக் கிருமி நீக்கி உறைய வைப்பார்கள். அந்தச் சூட்டில் கிருமியோடு ஒரு நல்ல ஆளும் செத்துப்போகிறது: கொழுப்பைச் செரிக்க உதவும் லைப்பேஸ் என்ற நொதி. தாயின் பச்சைப்பாலில் கொழுப்போடு அதைச் செரிக்கும் கத்தியும் சேர்ந்தே வருகிறது. வங்கிப் பாலில் கத்தி இல்லை, எடையும் சற்று மெதுவாகத்தான் ஏறும். பவுடரைவிட மேல், சொந்தப் பாலுக்குக் கீழ். வங்கியின் இடம் அதுதான்.

விலைபோகும் எதற்கும் இந்த ஊரில் கடை போடுவார்கள். 2024 மே 24 அன்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தாய்ப்பாலை விற்க அனுமதியில்லை என்று அறிவித்தது. அடுத்த சில நாட்களிலேயே சென்னை மாதவரத்தில் 50 மில்லி பாட்டில் 500 ரூபாய் என்று தாய்ப்பால் விற்ற ஒரு கடைக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். அந்த விலைக்குப் பார்த்தால் ஆயாவின் கையில் இருந்த பாலாடைப் பால் 230 ரூபாய். இதை அவரிடம் சொன்னபோது, “அப்போ இவ ஒரு நாளைக்கு எவ்ளோ சம்பாரிக்கிறா!” என்று மருமகளைப் பார்த்துச் சிரித்தார். மருமகள் மனசுக்குள் பன்னிரண்டால் பெருக்கியிருப்பார் போல. கொஞ்சம் கழித்து அவரும் சிரித்தார்.

அடுக்களையில் புட்டு வெந்துகொண்டிருந்தது. அரிசிப் புட்டல்ல, பால்சுறா. மீனை வேகவைத்து உதிர்த்து, பூண்டையும் வெங்காயத்தையும் அள்ளிப் போட்டு வதக்குவது. பிள்ளை பெற்றவளுக்குக் கடலோரத்தில் முதல் மருந்து இதுதான். சுறா தின்றால் பால் ஊறும் என்பதற்கு ஆய்வகச் சான்று பெரிதாக இல்லை. வயிறாரச் சாப்பிட்டு, நாலு பேர் தன்னைக் கவனிக்கிறார்கள் என்ற நிம்மதி இருந்தால் பால் ஊறும், அதைச் சுறாவின் கணக்கில் எழுதினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. மீனில் வேறொன்று இருக்கிறது. டி.எச்.ஏ. என்ற கொழுப்பு அமிலம், மூளையும் விழித்திரையும் கட்டப்படும் செங்கல். கடைசி மூன்று மாதச் சேமிப்பில் அதுவும் ஒன்று. தாய் மீன் சாப்பிட்டால் பாலில் அது கூடும். 29 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்கு இதைத் தனியாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், ஐந்து வயதில் அறிவுத்திறன் மூன்றரைப் புள்ளி கூடியிருந்ததாக 2022இல் எழுதினார்கள். சுறா மாதிரி பெரிய மீன்களில் பாதரசம் சேரும் என்பதால் மத்தி, நெத்திலி இன்னும் நல்லது என்றேன். விலையும் குறைச்சல்.

“நெத்திலி எனக்குத் தெரியாதா? காலைல லூப் ரோட்டுல ஃப்ரெஷ்ஷா இருந்துச்சு. புள்ளத்தாச்சிக்கு முள்ளு ஆவாதுன்னு வாங்கல” என்றார் ஆயா.

“இப்போ புள்ளத்தாச்சி இல்ல ஆயா, பெத்தாச்சு” என்றார் கட்டிலில் இருந்தவர்.

குழந்தை இன்னும் மார்பில்தான் இருந்தது. மூன்று நாளாக, பாலாடைக்கு முன்பு ஐந்து நிமிடம் மார்பில் வாய் வைக்க விடுகிறார்களாம். முதல் நாள் நக்கிவிட்டுத் தூங்கிப்போனது. நேற்று நாலு தடவை இழுத்தது. இன்று எத்தனை என்று இருவருக்கும் தகராறு. மருமகள் ஒன்பது என்றார், ஆயா பதினொன்று என்றார். எண்ணிக் கொடுப்பதைக் கிண்டல் செய்த ஆயாதான் இரண்டு கூட்டிச் சொன்னார். பாலாடையைக் கழுவி, மறுபடி கொதிக்கும் தண்ணீரில் போட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூணே முக்கால். அடுத்த பால் ஐந்தரைக்கு.